ஆப்பிரிக்க அமெரிக்கக் கிட்டார் கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் பழகும் நண்பர்களும், வெறுமனே கேட்டு ரசிக்கும் நண்பர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டவை இவை. பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கிறது. மறைக்க முயலவில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் வாசித்த கச்சேரியிலிருந்து. 'லைவ் அட் த ரீகல்' என்ற பெயரில் அது இசைத்தட்டாக வந்தது. பலர் நேராக ராபர்ட் ஜான்சனிடம் போய், 1930களின் ஒலிப்பதிவு இரைச்சலில் பொறுமை இழந்து திரும்பிவிடுகிறார்கள். ரீகலில் அந்தச் சிக்கல் இல்லை. கிங் ஒரு வரி பாடுகிறார், வாயை மூடுகிறார், அடுத்த வரியைக் கிட்டார் பாடுகிறது. ஒரே ஒரு ஸ்வரத்தை அவர் நடுக்கி நிறுத்தும்போது கூட்டம் அலறுகிறது. அந்த அலறல் ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றவர்களைத் தேடி நீங்களே போய்விடுவீர்கள்.

ப்ளூஸ் என்றால் ஒரே அழுகைதானே?

இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இந்த இசைவடிவத்தில் பாதிப் பாடல்கள் கேலி, காமம், வம்பு, குடி பற்றியவை. வழக்கமான ப்ளூஸ் பாடலில் முதல் வரி இரண்டு முறை வரும். மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். மொத்தம் 12 தாளச் சுற்று. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளிதான் கிட்டாருக்கு உரியது. வயல்களில் ஒருவர் குரல் எடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்த வழக்கத்தின் தொடர்ச்சி அது. இங்கே பதில் குரலாக ஆறு தந்திகள்.

இன்னொன்றும் உண்டு. ப்ளூஸில் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள் பியானோவின் கட்டைகளுக்கு இடையில் எங்கோ நிற்கும். பியானோவில் அந்த இடத்தைத் தொட முடியாது. கிட்டாரில் தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் தொடலாம். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இலக்கணம் வேறு என்றாலும், ஸ்வரம் என்பது ஒரு புள்ளி அன்று என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

பரம ஏழைகளான இவர்களுக்குக் கிட்டார் எப்படிக் கிடைத்தது?

ஆப்பிரிக்க வேர் கொண்ட பான்ஜோ என்ற தந்தி வாத்தியம்தான் முதலில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சியர்ஸ் போன்ற நிறுவனங்கள் அஞ்சல் வழியாக மலிவு விலைக் கிட்டார்களை விற்கத் தொடங்கின. அதுவும் வாங்க முடியாத சிறுவர்கள் துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்தெடுத்து, வீட்டு மரச்சுவரில் இரண்டு ஆணிகளுக்கு இடையே இழுத்துக் கட்டுவார்கள். அடியில் ஒரு பாட்டிலை முட்டுக் கொடுத்தால் கம்பி விறைக்கும். ஒரு கையால் அதைத் தட்டி, மறு கையில் பிடித்த கண்ணாடித் துண்டை அதன் மேல் தேய்த்தால், வீடு முழுவதும் அதிரும். 'டிட்லி போ' என்று இதற்குப் பெயர். லூசியானாவின் லெட்ஸ்வொர்த் ஊரில் பிறந்த பட்டி கை, சன்னல் கொசுவலையிலிருந்து உருவிய கம்பிகளைக் கட்டித்தான் முதலில் வாசித்தார். வீட்டுக்குள் கொசு வந்ததற்கு யாரிடம் திட்டு வாங்கினார் என்று யூகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணாடித் துண்டுதான் பின்னாளில் கிட்டாரில் 'ஸ்லைடு' ஆனது. டபிள்யூ.சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர், 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் தூங்கி விழித்தபோது, கந்தல் உடுத்திய ஒருவர் கத்தியைத் தந்திகளின் மேல் வைத்து வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதியிருக்கிறார். தாம் கேட்டதிலேயே விசித்திரமான இசை அது என்பது அவர் கருத்து. அந்த மனிதரின் பெயரை அவர் பதிவு செய்யவில்லை.

ராபர்ட் ஜான்சன் உண்மையில் பிசாசிடம் ஆன்மாவை விற்றாரா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. ஜான்சன் 1911இல் மிசிசிப்பியில் பிறந்தார். மூத்த கலைஞரான சன் ஹவுஸ் சொன்னபடி, இளைஞன் ஜான்சன் இடைவேளைகளில் பெரியவர்களின் கிட்டாரை எடுத்து வாசிப்பான். கூட்டம் எரிச்சலடைந்து, "அவனிடமிருந்து அதைப் பிடுங்குங்கள்" என்று கத்தும். பிறகு ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது அவன் வாசிப்பைக் கேட்டு எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசைச் சந்தித்தான் என்ற கதை இந்த இடைவெளியில்தான் புகுந்துகொண்டது. உண்மையில் அந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு ப்ளூஸ் கலைஞரைப் பற்றி அவர் சகோதரர் சொன்னது. பெயர் ஒன்றாக இருந்ததால் இவர் தலையில் வந்து விழுந்தது.

இடையில் நடந்தது இதுதான்: ஐக் ஜிம்மர்மன் என்ற அனுபவசாலியிடம் ஜான்சன் மாணவராகத் தங்கினார். இருவரும் இரவில் இடுகாட்டுக்குப் போய்ச் சமாதிகளின் மேல் உட்கார்ந்து பழகினார்கள். பேய்க்காக அல்ல, அங்கே சத்தம் போட்டால் யாரும் எழுந்து வந்து சண்டை போட மாட்டார்கள். பிசாசுக் கதையில் எனக்குள்ள மனவருத்தமும் அதுதான். ஒரு மனிதர் இரவிரவாக உட்கார்ந்து விரல் தேயப் பழகியதை, ஒரு வெள்ளிக் காசு கூடச் செலவழிக்காத பிசாசுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் அவர் பதிவு செய்தவை 29 பாடல்கள். சான் அன்டோனியோவில் ஒரு ஓட்டல் அறையில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வாசித்தார். கூச்சம் என்றார்கள் சிலர். சுவரில் மோதித் திரும்பும் ஒலி கூர்மையாக இருக்கும் என்பதால் என்றார்கள் சிலர். 1938 ஆகஸ்ட் 16 அன்று, 27 வயதில், கிரீன்வுட் அருகே இறந்தார். விஷம் கலந்த சாராயம் என்பது பரவலான நம்பிக்கை. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த பெரிய கச்சேரிக்கு அவரை அழைக்க இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் ஆள் தேடினார். இறந்துவிட்ட செய்தி தெரிந்ததும், மேடையில் அவருடைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார்கள். வெள்ளை இளைஞர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது 1961இல் தொகுப்பு இசைத்தட்டு வந்த பிறகு.

பி.பி. கிங், ஆல்பர்ட் கிங், ஃபிரெடி கிங் மூவரும் அண்ணன் தம்பிகளா?

இல்லை. ஆல்பர்ட் கிங்கின் இயற்பெயர் ஆல்பர்ட் நெல்சன். பி.பி.யின் புகழில் ஒட்டிக்கொள்ள, அவருடைய சகோதரன் என்று ஆரம்பத்தில் சொல்லியும் பார்த்தார். ஃபிரெடி டெக்சாஸ்காரர்; 'ஹைட் அவே' என்ற வாத்திய இசையால் பெயர் பெற்று, 42 வயதில் போய்விட்டார்.

மூவரில் கையமைப்பு விசித்திரமாக இருந்தது ஆல்பர்ட்டுக்குத்தான். இடக்கைக்காரரான அவர், வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். மெல்லிய தந்திகள் மேலே வந்துவிட்டன. எல்லோரும் மேல்நோக்கித் தள்ளும் தந்தியை அவர் கீழ்நோக்கி இழுத்தார். இழுப்பதற்குக் கையின் முழு பலமும் கிடைக்கும். ஸ்வரம் முறுக்கிக்கொண்டு போகும் அந்த ஒலி அங்கிருந்து வந்தது.

லூசில் யார்?

பி.பி. கிங்கின் கிட்டார். ஆர்கன்சாவின் ட்விஸ்ட் என்ற ஊரில் 1949 குளிர்காலத்தில் ஒரு நடனக் கூடத்தில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக் குளிர்காய்வார்கள். இருவர் கட்டிப் புரண்டு சண்டை போட்டதில் பீப்பாய் கவிழ்ந்தது. தீ ஆறாக ஓடியது. வெளியே ஓடிவந்த பிறகுதான் கிட்டார் உள்ளே இருப்பது கிங்குக்கு நினைவு வந்தது. திரும்ப உள்ளே ஓடி எடுத்துவந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தமக்கே நினைவூட்டிக்கொள்ள அந்தப் பெயரை வைத்தார். அதன் பிறகு வந்த எல்லாக் கிட்டார்களும் லூசில்தான்.

கிங் ஸ்வரத்தை நடுக்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. தாய்வழி உறவினரான புக்கா ஒயிட் ஸ்லைடு வாசிப்பதில் வல்லவர். கிங் எவ்வளவோ முயன்றார், கைவரவில்லை. அந்த ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முடியுமா என்று இடக்கையை நடுக்கி நடுக்கிப் பார்த்தார். கார்ட் (பல ஸ்வரங்களை ஒருசேர மீட்டுவது) வாசிக்கவும் தமக்கு வராது என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1956இல் மட்டும் 342 கச்சேரிகள்.

மின்கிட்டாரை முதலில் கொண்டுவந்தது யார்?

ஒருவரைச் சொல்வது கடினம். தனி வாத்தியமாக நிமிர்த்தி நிறுத்தியவர்கள் என்று இரண்டு டெக்சாஸ்காரர்களைச் சொல்லலாம். ஒருவர் டி-போன் வாக்கர். சிறுவனாக, பார்வையற்ற கலைஞர் ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சனை டாலஸ் தெருக்களில் கைப்பிடித்து அழைத்துப் போனவர். பின்னாளில் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கால்களை அகல விரித்துத் தரையில் அமர்ந்தபடி வாசித்தார். பின்னால் வந்த ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செய்த வித்தைகளுக்கு மூதாதை இவர்.

மற்றவர் சார்லி கிறிஸ்டியன். ஜாஸ் குழுக்களில் கிட்டார் அதுவரை தாளத்துக்குத் துணை மட்டுமே. சாக்சஃபோன் ஊதத் தொடங்கினால் காதில் விழாது. 1939 ஆகஸ்டில் ஜான் ஹாமண்ட், 23 வயது கிறிஸ்டியனைக் கலிஃபோர்னியாவில் ஜாஸ் குழுத் தலைவர் பென்னி குட்மனிடம் அழைத்து வந்தார். குட்மனுக்குப் பிடிக்கவில்லை. இரவுக் கச்சேரியின் இடைவேளையில் கிறிஸ்டியனின் ஆம்ப்ளிஃபயரைத் திருட்டுத்தனமாக மேடையேற்றி வைத்தார்கள். மேடைக்குத் திரும்பிய குட்மன் எரிச்சலோடு, இவனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து 'ரோஸ் ரூம்' என்ற பாடலைத் தொடங்கினார். கிறிஸ்டியன் சுற்றுக்குச் சுற்று புதிது புதிதாக வாசித்துக்கொண்டே போக, அந்த ஒரு பாடல் முக்கால் மணி நேரத்தை நெருங்கியதாகச் சொல்வார்கள். வேலை உறுதியானது. குட்மனோடு வாசித்து முடித்த இரவுகளில் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதிக்குப் போய் விடியும்வரை வாசிப்பார். பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி அங்கேதான் முளைத்தது. 1942இல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 25.

ஜாஸில் வேறு யாரைக் கேட்பது?

வெஸ் மான்ட்கோமரி, சந்தேகமே வேண்டாம். இண்டியானாபொலிஸ்காரர். பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் ஒரு விடுதி, நள்ளிரவுக்குப் பின் இன்னொரு விடுதி. கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பழகினார். இசைக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாது. வீட்டில் பழகும்போது சத்தம் தொந்தரவாக இருந்ததால், தந்தி மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தை வைத்துவிட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டினார். ஒலி உருண்டது, கனிந்தது. அதன்பின் அவர் பிளெக்ட்ரம் தொடவே இல்லை. ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து வாசிக்கும் அவர் பாணியை இன்று ஜாஸ் கிட்டார் மாணவர்கள் எல்லோரும் பழகுகிறார்கள். 1968இல், 45 வயதில் மாரடைப்பு.

எதிர்த் திசையில் ஃபிரெடி கிரீன். கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்தவர் 1987இல் சாகும்வரை இருந்தார். தனி வாசிப்பு அநேகமாக இல்லை. நான்கு அடி, நான்கு மீட்டல், ஐம்பது ஆண்டு. எனக்கு அவர்மேல் தனிப் பற்று.

ராக் இசையைத் தொடங்கியவர் எல்விஸ் இல்லையா?

எல்விஸ் பெரும் பாடகர். ஆனால் ராக் கிட்டாரின் அரிச்சுவடி சக் பெர்ரியுடையது. 1955இல் 'மேபலீன்', 1958இல் 'ஜானி பி. குட்'. அந்தப் பாடலின் புகழ்பெற்ற தொடக்கமோ, 1946இல் லூயி ஜோர்டன் குழுவில் கார்ல் ஹோகன் வாசித்ததிலிருந்து எடுத்தது. பெர்ரி அதை ஒளித்ததில்லை. பாட்டில் வரும் 'கிராமத்துப் பையன்' முதலில் 'கறுப்புப் பையன்' என்றே இருந்தது. வானொலியில் போட மாட்டார்கள் என்று மாற்றினார்.

கிட்டார் ஒலி கரகரப்பாக ஆனதற்கு 1951இல் மெம்ஃபிஸில் பதிவான 'ராக்கெட் 88' ஒரு மைல்கல். ஐக் டர்னர் குழுவின் கிட்டார் கலைஞர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் வரும் வழியில் அடிபட்டுக் கிழிந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் அதில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தார். அதன் உறுமல் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. பிற்காலத்தில் அதே உறுமலைக் காசு கொடுத்துச் சிறு பெட்டிகளில் வாங்கினார்கள்.

பணம் யாருக்குப் போனது?

'மேபலீன்' இசைத்தட்டு அச்சாகி வந்தபோது, பாடலை எழுதியவர்கள் என்று தம் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள் இருப்பதைப் பெர்ரி பார்த்தார். ஒருவர் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட். பாடலை அடிக்கடி ஒலிபரப்பியதற்கு விலை. முழு உரிமை பெர்ரியிடம் திரும்பியது 1986இல். பிற்காலத்தில் பெர்ரி தனியாக ஒரு கிட்டாருடன் வந்து இறங்கி, உள்ளூர்க் குழுவை வைத்துக்கொண்டு, ரொக்கத்தை எண்ணி வாங்கிய பிறகே மேடை ஏறுவார். திமிர் பிடித்தவர் என்றார்கள். அந்த 31 ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் கதை இன்னும் மெல்லியது. 1928இல் சில பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பி விவசாய வேலை பார்த்தார். 1963இல், அவர் பாட்டில் வரும் அவலோன் என்ற ஊர்ப்பெயரை வரைபடத்தில் தேடி ஓர் இளைஞர் வந்து நின்றார். போலீஸ்காரர் என்று நினைத்த ஹர்ட், தாம் தப்பு எதுவும் செய்யவில்லையே என்றாராம். கையில் சொந்தமாகக் கிட்டார்கூட இல்லை. அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார். மூன்று ஆண்டு கொண்டாட்டம், 1966இல் மரணம்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் உண்மையிலேயே அவ்வளவு பெரியவரா, அல்லது சீக்கிரம் இறந்ததால் வந்த புகழா?

உண்மையிலேயே. சியாட்டிலில் வறுமையில் வளர்ந்தவர். அப்பாவோடு ஒரு வீட்டில் குப்பை அள்ளப் போனபோது ஒற்றைத் தந்தி மட்டும் மிஞ்சியிருந்த உகுலேலே ஒன்று கிடைத்தது. அதில் காதால் கேட்டு வாசிக்கப் பழகினார். பாராசூட் படையில் இருந்தார், லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி சகோதரர்களுக்கும் பின்னால் நின்று வாசித்தார். 1966 செப்டம்பரில் லண்டன் போகும்வரை அமெரிக்காவில் அவரைச் சீந்துவாரில்லை. 1970 செப்டம்பர் 18 அன்று இறந்தார். நடுவில் நான்கே ஆண்டு.

அவரும் கிட்டாரைக் கவிழ்த்துத்தான் பிடித்தார். ஆனால் ஆல்பர்ட் கிங்கைப் போலன்றி, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. மான்டெரே இசைவிழாவில் கிட்டாரைக் கொளுத்தியதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் உட்ஸ்டாக் இசைவிழாவைச் சொல்வேன். 1969 ஆகஸ்ட் 18, திங்கள் காலை. லட்சக்கணக்கான கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்விட்டது. சேற்றில் போர்வைகள். ஹெண்ட்ரிக்ஸ் தேசிய கீதத்தை வாசிக்கிறார். ராக்கெட்டுகளும் குண்டுகளும் பற்றிய வரி வரும் இடத்தில் ராகம் உடைந்து, விமானம் தாழப் பறக்கிறது, குண்டு விழுகிறது, யாரோ அலறுகிறார்கள். எல்லாம் ஆறு தந்திகளில். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது.

சோல் இசையில் கிட்டார் எங்கே இருக்கிறது? காதில் விழவே இல்லையே.

விழுகிறது, நீங்கள் அதைக் கிட்டார் என்று கவனிக்கவில்லை. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாடலில் படியேறுவது போல வரும் அந்தச் சிறு தொடக்கம் ராபர்ட் ஒயிட் வாசித்தது. டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் நிலவறை ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வாசித்த குழுவில் ஒருவர் அவர். 1971 வரை இசைத்தட்டு உறைகளில் அவர்கள் பெயர் அச்சானதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உணவகத்தில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, "இது நான் வாசித்தது" என்று பரிமாறுபவரிடம் சொல்ல வாயெடுத்து, கிழவன் உளறுகிறான் என்று நினைப்பானே என்று நிறுத்திக்கொண்டாராம்.

ஜேம்ஸ் பிரவுன் குழுவின் ஜிம்மி நோலன் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு, வலக்கையால் விடாமல் சுரண்டினார். கோழி தரையைக் கிளறுவது போன்ற ஒலி. ஃபங்க் இசையின் எலும்பு அது. அதே கைப்பழக்கத்தின் நாகரிக வடிவம் நைல் ரோஜர்ஸ். 1977 டிசம்பர் 31 இரவு, நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 விடுதி வாசலில் அவரை உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்து கோபத்தில் வாசித்த வசைப்பாட்டைச் சற்றே மாற்றியபோது 'லெ ஃப்ரீக்' என்ற பாடல் பிறந்தது.

கர்டிஸ் மேஃபீல்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிகாகோ சிறுவன், கற்றுக்கொடுக்க ஆளில்லை. பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்குக் கிட்டாரைச் சுருதி சேர்த்தார். ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று பிறகு தெரிந்தும் மாற்றவில்லை. நீர்போல் வழியும் அந்த வாசிப்பு ஹெண்ட்ரிக்ஸின் மெல்லிசைப் பாடல்களில் அப்படியே கேட்கும். 1990 ஆகஸ்டில் புரூக்ளினில் ஒரு திறந்தவெளி மேடையில் விளக்குச் சட்டம் அவர்மேல் சரிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. 1996இல் மல்லாந்து படுத்தபடி, மூச்சுக்கு ஒரு வரியாகப் பாடி ஓர் இசைத்தட்டை முடித்தார். அதில் அவர் கிட்டார் இல்லை.

ஏன் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள்?

கேள்விகள் அவர்களைப் பற்றி வந்ததால். சிஸ்டர் ரோசெட்டா தார்ப், மெம்ஃபிஸ் மின்னி, எலிசபெத் காட்டன் மூவருக்கும் தனிப் பக்கம் வேண்டும். தார்ப்பின் வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சக் பெர்ரியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்று யார் இருக்கிறார்கள்?

கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ரம், 1999இல் கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர். ப்ளூஸ் அருங்காட்சியகம் ஆகிவிடவில்லை என்பதற்குச் சாட்சி. ஆஸ்டினின் கேரி கிளார்க் ஜூனியர். எட்டுத் தந்திக் கிட்டாரில் மெட்டல் வாசிக்கும் டோசின் அபாசி, கேட்பவரைக் கணக்குப் போட வைப்பவர். பிரின்ஸ் 2016இல் மறைந்துவிட்டார். பாடகர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள், 2004இல் ஜார்ஜ் ஹாரிசன் நினைவாக அவர் வாசித்த தனி வாசிப்பின் காணொளியைப் பார்க்கட்டும். முடிவில் கிட்டாரை மேலே எறிகிறார். அது கீழே விழுவதை யாரும் பார்க்கவில்லை.

கிட்டார் பழகுகிறேன். இவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

வேகத்தை விட்டுவிடுங்கள். வாயால் ஒரு வரி பாடுங்கள், எந்த வரியானாலும் சரி. நிறுத்துங்கள். இரண்டாம் தந்தியில் ஒரே ஸ்வரத்தை எடுத்து, அந்த வரிக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். மோதிர விரலால் தள்ளுங்கள், நடுவிரலையும் சுட்டுவிரலையும் பின்னால் முட்டுக் கொடுங்கள். தந்தி முதலில் சுருதியை எட்டாது, பிறகு தாண்டிப் போகும், விரல் நுனி சிவக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் தொடருங்கள்.